ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று

எங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்ற சொல்லின் அளவு இருபத்தெட்டு. ‘சரி’ என்றால் பூஜ்யம். ஹோம் தியேட்டரின் நெற்றியில் சிவப்பாக ஓடும் எண்கள்தான் ஒன்றேகால் வருடம் என் அப்பாவின் மொழியாக இருந்தன.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பக்கவாதம் வலப்பக்கத்தை அடித்துப் போட்டதோடு நிற்கவில்லை, பேச்சையும் எடுத்துக்கொண்டது. தலையாட்டலாமே என்பீர்கள். ஆட்டுவார். எல்லாவற்றுக்கும் ஆட்டுவார். பசிக்கிறதா என்றாலும் ஆட்டுவார், பசிக்கவில்லையா என்றாலும் ஆட்டுவார். ‘தலை சொல்றதை நம்பாதீங்க, உள்ளே நினைக்கிறது ஒண்ணு, வெளியே வர்றது ஒண்ணா இருக்கும்’ என்றார் டாக்டர். படம் போட்ட அட்டைகள் கொடுத்தார். சோறு, தண்ணீர், கக்கூஸ். அப்பா அவற்றை இடது கையால் ஒவ்வொன்றாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஆனால் அந்த இடது கையின் கட்டைவிரல் பொய் சொல்லவில்லை. ஏற்று, இறக்கு. இந்த இரண்டை மட்டும் நோய் தொடவில்லை. முப்பது வருடம் கிரேன் கைப்பிடியில் ஊறிய இரண்டு அசைவுகள் அவை. முதலில் கவனித்தது என் மனைவி. கஞ்சியோடு போனால் டிவி சத்தம் ஏறுகிறது, மீன்குழம்போடு போனால் இறங்குகிறது. ‘இங்க பாரு, உங்க நைனா பேசுறாரு’ என்று கூவினாள். இரண்டே நாளில் வீடு முழுக்க அந்த மொழிக்கு மாறிவிட்டோம். குளிப்பாட்டட்டுமா? பதினைந்து, பதினாறு, பதினேழு. வேண்டாம். ஜன்னலைத் திறக்கட்டுமா? ஆறு, ஐந்து, நான்கு. சரி.

கவிதை என்று சொற்களை அடுக்கிக்கொண்டு திரிகிறவன் நான். வாய் இருந்த காலத்தில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே சொல்லே இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வருவார், சாப்பிடுவார், படுப்பார். ஒரே ஒரு தொழில் ரகசியம்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். கிரேன்மேல் உட்கார்ந்தவனுக்குக் கப்பலின் அடிவயிறு தெரியாது, கீழே நின்று கை காட்டுகிறவனின் கைதான் அவனுக்குக் கண். ‘கை காட்றவன் பொய் காட்னான்னு வையி, மேல கீறவன் கொலகாரன் ஆய்டுவான்’ என்றார். அவ்வளவுதான் முப்பது வருடத்தின் பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு பட்டன் வந்தது. நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். தினமும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கேட்பேன். மழை வருமா நைனா? இந்தச் சட்டை நல்லாருக்கா? பதில் வரும்போது நெஞ்சு ஒரு தடவை துள்ளும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் சந்தில் ஜன்னலுக்கு ஜன்னல் ஆறடி. நாங்கள் இரண்டாவது மாடி, எதிர்வீட்டுக்காரர்களும் இரண்டாவது மாடி. எதிர்வீட்டம்மாவின் கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் இரவு வேலை, பகல் முழுக்கத் தூக்கம். அப்பாவின் ‘வேண்டாம்’ நேராக அவர் தலையணையில் போய் இடிக்கும். ஒரே பொங்கலுக்கு, ஒரே தவணைக்காரரிடம், இரண்டு வீடும் ஒரே மாதிரி ஹோம் தியேட்டர் வாங்கியிருந்தோம். எது எந்தக் கம்பெனி என்று யாருக்கும் தெரியாது, யாரோ எங்கோ பூட்டிய செட்டு. ஆகவே ஒரு போர் நடந்தது. அப்பா ஏற்றுவார். அந்தம்மா தன் வீட்டு ரிமோட்டை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி எங்கள் பெட்டியை இறக்குவார். அப்பா மறுபடி ஏற்றுவார். ‘யோவ் பெர்சு, அடங்கமாட்டியா நீ!’ என்று குரல் வரும். அப்பாவின் வாயோரம் இடப்பக்கமாகக் கொஞ்சம் மேலே போகும். அது சிரிப்பு. அதனால் எண் இறங்கினால் உடனே ‘சரி’ என்று எடுத்துக்கொள்ள மாட்டோம். விரலைப் பார்ப்போம். இறக்கியது அப்பாவா, எதிர்வீடா?

எங்கள் ரிமோட் செத்தது ஒரு புதன்கிழமை. செல் கசிந்து, உப்புக்காற்றில் பச்சை பூத்து, உள்ளே இருந்த போர்டை அரித்துவிட்டது. பெட்டியின் முன்பக்கப் பட்டன்கள் இதே உப்பில் எப்போதோ உட்கார்ந்துவிட்டன. டிவியின் சொந்த ஸ்பீக்கரும் அப்படியே. ஸ்விட்சைப் போட்டால் பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும், எழுப்ப வழியில்லை. அப்பா அன்று மதியம் முழுக்க அந்தச் செத்த ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தார். சாயங்காலம் அதை வயிற்றின்மேல் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையை மேலே கீழே காட்டச் சொன்னோம். கேபிள் பெட்டியின் ரிமோட்டைக் கொடுத்துப் பார்த்தோம். அழுத்தினால் எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. சுமை இல்லாத கொக்கியை அவர் எதற்கு அசைக்க வேண்டும்? வியாழக்கிழமை கஞ்சி வந்தபோது ‘வேண்டாம்’ வரவில்லை. ‘சரி’யும் வரவில்லை. வாய் மட்டும் மூடியே இருந்தது. தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்தால் சப்பினார். அதற்குமேல் ஒன்றுமில்லை.

வியாழன் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். எண்ணூரில் கடலோரமாக இருக்கிறாள்.

‘டேய், நைனா துன்னவே இல்லையாமே. உன் பொண்டாட்டி சொல்லிட்டா.’

‘ரிமோட்டு போச்சுக்கா. ரெண்டு நாள்ல சரி ஆய்டும்.’

‘ஞாயித்துக்கெயம பூசை முடிச்சிட்டு ஆட்டோ எடுத்துனு வரேன். எங்க வூட்டுக்கு இட்னு போறேன்.’

‘இங்க இன்னாக்கா கொறச்சல்?’

‘கொறச்சல்னு நான் சொன்னேனா? மாடியில குந்த வச்சிகினு கீற. ஒரு வருசமா மனுசன் மண்ண மிதிக்கல. எங்க வூட்டு வாசப்படில நாற்காலி போட்டா கப்பலு தெரியும்டா.’

‘அவருக்கு இங்கதான் புடிக்கும்.’

‘அத்த நீ சொல்லாத. அவரயே கேப்போம். ஏத்துனாருன்னா நான் வாயத் தொறக்காம கெளம்பிடறேன். எறக்குனாருன்னா இட்னு போறேன். அவ்ளோதான் பேச்சு.’

‘ரிமோட்டே இல்லங்கிறேன், எங்கேர்ந்து கேப்ப?’

‘அப்போ ரெடி பண்ணு. இல்லாங்காட்டி கேக்காமயே தூக்கினு போய்டுவேன்.’

போனை வைத்தேன். மழை வருமா என்று கேட்டவன், சட்டை நல்லாருக்கா என்று கேட்டவன், ‘கீழே போகணுமா நைனா’ என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மறந்து போய்க் கேட்காமல் இருந்தேன் என்று சொல்ல ஆசை. பதில் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை புது ரிமோட் தேடி டோல்கேட் கடைத்தெருவுக்குப் போனேன். ஒற்றை ஷட்டர் கடை. சுவர் முழுக்க ரிமோட்கள், செத்த மீன்களைக் காயப்போட்டதுபோல.

‘எந்த செட்டு சார்?’

‘பேரு தெரியாது.’

‘பேரு தெரியாத புள்ளைக்குப் பொண்ணு கேக்குறியே தலைவா’ என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் ஒன்றை எடுத்தார். ‘இந்தா, இது எல்லா ஹோம் தியேட்டருக்கும் வரும். மொதல்ல செட் பட்டன புடி, அப்பால பவர விடாம அமுக்கிகினே இரு. உள்ள கோடு நம்பரு ஒண்ணொண்ணா ஓடும். பெட்டிக்கு உசுரு வந்துச்சுன்னா டக்குனு கைய எடுத்துரு. ஒரு செகண்டு லேட் ஆச்சு, தாண்டிப் பூடும். திருப்பி மொதல்லேர்ந்து.’

மதியம் உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினால் ரிமோட்டின் மூக்கில் ஒரு சின்ன விளக்கு துடித்தது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு கதவைத் தட்டுவது. யாருமில்லை, அடுத்த கதவு. யாருமில்லை, அடுத்தது. கண் பெட்டியின் சிவப்புப் புள்ளியில், விரல் எடுப்பதற்குத் தயாராக. கண் சிமிட்டக்கூடாது. தெருவில் ஹாரன் அடித்தால் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்று. என் விரல் மரத்துப்போய், அழுத்துவது நானா வேறு யாராவதா என்று குழம்பியது. மூன்றாவது சுற்றில் திரும்பிப் பார்த்தேன். அப்பா சுவர்ப்பக்கம்தான் இருந்தார். ஆனால் போர்வைமேல் கிடந்த அவருடைய இடது கட்டைவிரல், என் விளக்கின் துடிப்போடு சேர்ந்து லேசாக அழுந்தி அழுந்தி எழுந்துகொண்டிருந்தது. பெட்டி எழவில்லை.

சனிக்கிழமை மறுபடியும் கடை.

‘கோடே மாட்டலையா? பேஜாரு செட்டா கீதே. அப்போ படிக்கிற ரிமோட்டு எடுத்துக்க.’

‘படிக்கிற ரிமோட்டா?’

‘காப்பி அடிக்கும் சார். இதுக்கா ஒண்ணும் தெரியாது. ஒரிஜினல எதுருக்க வச்சு ஒவ்வொரு பட்டனா சொல்லிக் குடுக்கணும், கொயந்தைக்கு ஆனா ஆவன்னா மாதிரி. நீ எத்த சொல்லிக் குடுக்குறியோ அத்தத்தான் சொல்லும். அதே செட்டோட ஒரிஜினல் எங்கனா கீதா?’

இருந்தது. எங்கள் ஜன்னலில் இருந்து ஆறடியில்.

ஞாயிறு காலை மனைவி காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனாள். அக்கா வருகிறாளே. நான் கீழே இறங்கி, சந்தைத் தாண்டி, எதிர்வீட்டுப் படியேறிக் கதவை விரல் நுனியால் தட்டினேன். எதிர்வீட்டம்மா பாதிக் கதவைத் திறந்தார். உள்ளே கணவரின் குறட்டை, சீராக.

‘இன்னாண்ணா, காலங்காத்தால?’

விஷயத்தைச் சொன்னேன். கிசுகிசுப்பாகவே சண்டைக்கு வந்தார்.

‘ஐயே! நாலு நாளா எங்க வூட்டுக்காரரு கொறட்ட உட்டுத் தூங்குறாரு. இப்பத்தான் மனுசன் மூஞ்சில ரத்தமே கீது. அத்த கெடுக்கறதுக்கு எங்கிட்டயே வந்து ரிமோட்டு கேக்குற பாரு, உனக்கு ரொம்ப தில்லுதான்.’

‘நைனா துன்னலம்மா.’

‘எத்தினி நாளா?’

‘புதன்லேர்ந்து.’

அவர் முகத்தில் இருந்த சண்டை நின்றது. ‘பெர்சுக்கு அவ்ளோ ரோசமா’ என்று முனகிக்கொண்டே உள்ளே போனார். உப்பு ஏறாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட ரிமோட்டோடு வந்தார்.

‘அர மணி நேரம். மேல ஒரு நிமிசம் ஆச்சு, நானே வந்து புடுங்கினு வந்துடுவேன். அவரு எழுந்துக்குற வரைக்கும் சத்தம் வரக்கூடாது. அப்பால இன்னொண்ணு, ஏத்துற பட்டன் இன்னாத்துக்குண்ணா? எறக்குறத மட்டும் சொல்லிக் குடு, புண்ணியமாப் போவும்.’ அவர் சொன்னதற்கு அவரே சிரித்து, சத்தம் வராமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்டூலைக் கட்டில் பக்கத்தில் இழுத்துப் போட்டு இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்தேன். நடுவே இரண்டு விரல் இடைவெளி. புதியதின் செட் பட்டனைப் பிடித்தால் விளக்கு எரிந்து நிற்கும். புதியதில் எந்தப் பட்டனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமோ அதை ஒரு தடவை அழுத்த வேண்டும். பிறகு எதிர்வீட்டுப் பழையதில் அதே பட்டன். மூன்று முறை சிமிட்டினால் படித்துவிட்டது என்று அர்த்தம். பவர் பட்டனைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று சிமிட்டல். பின்னால் கட்டில் முனகியது. நாலு நாளுக்குப் பிறகு அப்பா சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். கழுத்தை நீட்டி ஸ்டூலைப் பார்த்தார், மேலிருந்து கப்பலைப் பார்ப்பதுபோல.

ஏற்றும் பட்டன். மூன்று சிமிட்டல்.

இறக்கும் பட்டன். புதியதில் அழுத்தினேன், விளக்கு காத்து நின்றது. அப்போது போன் அடித்தது. அக்கா. ‘பூசை முடிஞ்சிருச்சு, ஆட்டோ ஏறிட்டேன். ரெடியா?’ ‘ரெடி, ரெடி’ என்றேன். கண்ணைப் போனில் வைத்தபடியே கையை ஸ்டூலுக்குக் கொண்டுபோனேன். பழைய ரிமோட்டில் விரல் கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே போய் உட்கார்ந்து அழுத்தியது. மூன்று சிமிட்டல். அதற்கென்ன, எதைச் சொன்னாலும் மூன்று முறை சிமிட்டும். சரியாகச் சொன்னாயா என்று அது கேட்காது.

பவரை மட்டும் சோதித்தேன். பெட்டி விழித்தது, நெற்றியில் ‘2’ எரிந்தது. சத்தம் வரக்கூடாது என்பதால் மற்றதைச் சோதிக்கவில்லை. அதற்குள் எதிர் ஜன்னலில், ‘ண்ணா, டைம் ஆச்சு’ என்ற கிசுகிசுப்பு. துணி காயப்போடும் கம்பின் நுனியில் ஒரு கூடைப்பையை மாட்டி எங்கள் ஜன்னல் கம்பிவரை நீட்டியிருந்தார். பழைய ரிமோட்டைப் போட்டேன். பை ஆடிக்கொண்டே சந்தின் குறுக்கே திரும்பிப் போனது.

மனைவி வஞ்சிரத்தோடு வந்தாள். பெட்டி எரிவதைப் பார்த்தாள், அப்பாவின் இடது கையில் புது ரிமோட்டைப் பார்த்தாள், மீனை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறந்தார். எதுவும் அழுத்தாமல், எதுவும் சொல்லாமல், தானாகத் திறந்தார். ஏழெட்டுக் கரண்டி. அவள் அழுதுகொண்டே ஊட்டினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீன் கழுவப் போனாள்.

அப்பா சத்தத்தை ஐந்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டார். டிவியில் விளம்பரம் வந்தது. விளம்பரம் வந்தால் எப்போதும் இறக்குவார். கட்டைவிரல் கீழே நகர்ந்தது. ஆறு. மறுபடி அழுத்தினார். ஏழு. ரிமோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வாங்கி, கீழ் பட்டனை நானே அழுத்தினேன். எட்டு.

புரிந்துவிட்டது. இரண்டு பட்டனுக்கும் ஏற்றுவதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இந்த ரிமோட்டில் ‘சரி’ இல்லை. எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்லும். அக்கா கேட்டாலும்.

ஜன்னல் திறந்திருந்தது. கம்பும் பையும் எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தன. கூப்பிட்டால் வரும். இரண்டு நிமிட வேலை.

நான் கூப்பிடவில்லை. ‘இருக்கட்டும் நைனா, அப்பால பாத்துக்கலாம்’ என்று சொல்லி ரிமோட்டை அவர் கையில் திருப்பி வைத்தேன். இந்த வரியை எழுத எனக்கு இவ்வளவு மாதம் பிடித்தது. முதல் தடவை விரல் தவறிப் போனது, அதில் சந்தேகமில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவைக்கு அப்படி ஒரு சமாதானமும் கிடையாது. கீழே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. படியில் அக்காவின் மூச்சு ஏறி வந்தது.

கோயிலுக்குக் கட்டிய புடவை, நெற்றியில் வியர்வை. வந்ததும் கட்டில் ஓரம் உட்கார்ந்து, முந்தானையால் அப்பாவின் வாயோரக் கஞ்சியைத் துடைத்தாள்.

‘இன்னா நைனா, இப்டி எளச்சிட்ட. இவன் உனக்குக் கவித தான் போடுறானா துன்ன?’

அக்கா ரிமோட்டைப் பார்த்தாள். ‘வேல செய்தா?’

‘செய்துக்கா’ என்றேன். அதுவும் பொய்யில்லை, அழுத்தினால் வேலை செய்தது.

என் மனைவி சமையற்கட்டு வாசலில் செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றாள். அக்கா அப்பாவின் செத்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குரல் மாறிவிட்டது, சின்ன வயதில் பேசுகிற குரல்.

‘நைனா. எங்க வூட்டுக்கு வர்றியா? கீழ் வூடு. வாசல்ல குந்தலாம். வேணான்னா வேணாம், நான் கோச்சிக்க மாட்டேன். நீ சொல்லு.’

பெட்டியில் எட்டு. அறையில் எல்லோரும் அந்த எட்டைப் பார்த்தார்கள். நான் விரலைப் பார்த்தேன்.

விரல் அவசரப்படவில்லை. மேல் பட்டனைத் தடவிப் பார்த்தது, தாண்டியது, கீழே போனது, நின்றது. அழுத்தியது.

ஒன்பது.

அக்காவின் முகம் ஒரு விநாடி அப்படியே இருந்தது. அப்பா மறுபடி கீழே அழுத்தினார். பத்து. பதினொன்று. அவர் புருவம் சுருங்கியது. இன்னும் பலமாக அழுத்தினார், விரல் நுனி வெளுத்தது. பதினைந்து. பத்தொன்பது. ‘சரி நைனா’ என்றாள் அக்கா. ‘சரி, புரிஞ்சிடுச்சு, வேணாம், கத்தாத.’ இருபத்து மூன்று. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அப்பாவின் தொண்டையில் இருந்து ஏதோ ஒன்று, சொல் ஆகாத ஒன்று, வந்தது. இருபத்தெட்டு.

‘யோவ்! ஆரம்பிச்சிட்டீங்களாயா!’ எதிர்வீட்டில் கணவர் எழுந்துவிட்டார். எதிர்வீட்டம்மா ஜன்னலுக்கு ஓடிவந்து ரிமோட்டை நீட்டினார். ‘பெர்சு, நாலு நாள் பாக்கியெல்லாம் இன்னிக்கே தீக்குறியா!’

எண் விழுந்தது. இருபத்தாறு, இருபது, பதினாறு. அக்கா நிமிர்ந்தாள். ‘எறக்குறாரு! டேய், எறக்குறாருடா!’

‘அது எதுர் வூட்டம்மா அண்ணி’ என்றாள் என் மனைவி மெதுவாக.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியில் பன்னிரண்டு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். சொன்ன சொல்லுக்கு நிற்கிறவள், வாயைத் திறக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மேலே கூண்டில் உட்கார்ந்தவன் கீழே கை காட்டுகிறவனைப் பார்க்கிற பார்வை அது. அடுத்த சைகைக்குக் காத்திருக்கும் பார்வை.

‘அக்கா, குந்து. நைனா எறக்கத்தான் அமுக்குனாரு. கீழ் பட்டனும் ஏத்தத்தான் செய்யும். நான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்.’

‘உனக்கு எப்போ தெரியும்?’

‘நீ படி ஏர்றதுக்கு முன்னாடியே.’

மனைவி கையில் இருந்த செதிலைச் சேலையில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அக்கா திட்டவில்லை. கைப்பையை மறுபடி தரையில் வைத்தாள், அவ்வளவுதான். நான் ஜன்னலுக்குப் போய்ப் பழைய ரிமோட்டைக் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா, பையைக் கம்பில் மாட்டி நீட்டினார்.

‘ஏத்துறத உட்டுட்டு எறக்குறத சொல்லிக் குடுன்னு சொன்னேன். மாத்திப் பண்ணிகினு வந்து நிக்குறியே. நல்லாப் படிச்ச போ.’

பழைய ரிமோட்டை அப்பாவின் கையில் வைத்தேன். அக்காவைக் கேட்கவிடவில்லை. ஒன்றேகால் வருடம் கேட்காத கேள்வி, என் வாயில் இருந்துதான் வரவேண்டும்.

‘நைனா, அக்கா வூட்டுக்குப் போறியா?’

பன்னிரண்டு. பதினொன்று. பத்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே நின்றார். கீழே ஆட்கள் விலகும்வரை சுமையை அந்தரத்தில் நிறுத்தி, பிறகு ஒரு அடி இறக்கி, மறுபடி நிறுத்தி. ஆறு. ஐந்து. நான் பார்வையை விரலைவிட்டு எடுக்கவில்லை. மூன்று. இரண்டு. ஒன்று. பூஜ்யம் வந்தபோது மின்விசிறி கேட்டது, ஹைரோட்டில் ஒரு டிரெய்லர் கியர் மாற்றுவது கேட்டது, அக்கா அழுவது கேட்டது.

கிளம்புமுன் புது ரிமோட்டுக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தேன். இறக்கும் பட்டன். மூன்று சிமிட்டல். சோதித்தேன், இறங்கியது. இரண்டு நிமிடம்தான் ஆனது.

நாற்காலியோடு தூக்கினோம். நான் ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம். முதல் மாடித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு தவித்தபோது எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூங்கி வீங்கிய கண்ணோடு படியேறி வந்தார். ‘தூங்கத்தான் வுடமாட்டீங்க, குடுங்கய்யா இப்டி’ என்று நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தார். சந்தில் இறக்கி வைத்ததும் அப்பா இடது செருப்பை உதறிவிட்டு, வெறும் பாதத்தைத் தரையில் ஊன்றினார். சிமெண்டுத் தரைதான், மீன் கழுவிய தண்ணீர் ஓடிய கலீஜ் தரை. ஆட்டோக்காரர் அவசரப்படுத்தும்வரை எடுக்கவில்லை. ஹோம் தியேட்டரும் ஸ்பீக்கர்களும் அதே ஆட்டோவில் அக்காவின் மடியில் போயின.

இப்போது ஞாயிறுதோறும் எண்ணூர் போகிறேன். வாசலில் நாற்காலி, அரைமுகம் கடலுக்கு, அரைமுகம் உள்ளே ஓடும் டிவிக்கு. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் நான் யாரிடமும் மழை வருமா என்று கேட்பதில்லை. ‘இன்னாண்ணா, சத்தமே காணோம், தூக்கம் வரமாட்டேங்குதாம் எங்க வூட்டுக்காரருக்கு’ என்று எதிர் ஜன்னல் ஒருநாள் கேட்டது. சிரிப்பதற்குள் அவரே ஜன்னலை விட்டுப் போய்விட்டார்.

போன வாரம், அக்கா உள்ளே இருந்த நேரமாகப் பார்த்து, அப்பாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் போக முறை வராமல் நின்றுகொண்டிருந்தது. புது ரிமோட் அவர் இடது கையில்தான் இருந்தது.

‘அன்னிக்கு நான் வேணும்னே பண்ணேன்னு நெனைக்கிறியா நைனா?’

கட்டைவிரலைப் பார்த்தேன். மேலே போனது. கீழே வந்தது. இரண்டுக்கும் நடுவே நின்றது. பெட்டியில் ஏழு இருந்தது, ஏழாகவே இருந்தது. அப்பா கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு அங்கே கிடந்த கேபிள் பெட்டியின் ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினார்.